ஒரே கார் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வண்டி: லாங்டெயில் எலெக்ட்ரிக் சைக்கிள் மதிப்புரை

வீட்டுக்கு ஒரு கார் போதுமா என்ற கேள்வி நாள் முழுவதும் எழுவதில்லை. காலை எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில்தான் எழுகிறது. ஒருவர் வேலைக்குக் கிளம்புகிறார், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அன்றைக்கென்று மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கும். கார் ஒன்று, திசை மூன்று. அந்த இழுபறி ஓய்ந்த பிறகு கணக்குப் பார்த்தால், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓடும் கார் மீதி 23 மணி நேரமும் சும்மாதான் நிற்கிறது. அதாவது ஏறத்தாழ 96 விழுக்காடு நேரம் நிற்பதிலேயே கழிகிறது. காலை நேரத்து நெருக்கடிக்காக இன்னொரு காரை வாங்கினால் தவணை, காப்பீடு, பராமரிப்பு, நிறுத்துமிடம் எல்லாம் இரட்டிப்பாகின்றன. அந்தக் காரும் முதல் காரைப் போலவே பெரும்பொழுது நின்றுகொண்டுதான் இருக்கும்.

எங்கள் வீட்டில் இதற்கு விடையாக வந்தது, பிள்ளைகள் இருவரையும் பைகளையும் பின்னால் ஏற்றிக்கொள்ளும் லாங்டெயில் என்னும் நீண்ட எலெக்ட்ரிக் சைக்கிள். இந்த மதிப்புரை அந்த வகை வண்டியைப் பற்றியதே தவிர, ஒரு தனி நிறுவனத்தின் மாடலைப் பற்றியது அன்று. இன்று பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே அளவிலும் ஒரே அமைப்பிலும் இவற்றைத் தயாரிக்கின்றன. வாங்க நினைக்கும் குடும்பம் முதலில் தீர்மானிக்க வேண்டியது, இந்த வகையே தங்களுக்குப் பொருந்துமா என்பதைத்தான். வேகம், தோற்றம், உதிரிப்பாகங்களின் தரவரிசை ஆகியவற்றை ஆராய்வோர் வேறு பலர் உண்டு. ஒரே காரை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் முழுவதும் தடங்கலின்றிப் போய்வர இந்த வண்டி உதவுகிறதா என்பது ஒன்றே என் அளவுகோல்.

சாதாரண சைக்கிளின் பின்சக்கரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, அதனால் கிடைக்கும் இடத்தில் நீளமான, உறுதியான கேரியரை அமைப்பதுதான் லாங்டெயிலின் அடிப்படை. இதைப் பரவலாக்கியவர் அமெரிக்கப் பொறியாளர் ராஸ் எவன்ஸ். நிகரகுவாவில் எளிய மக்கள் சைக்கிளில் சுமை ஏற்றப் படும் பாட்டைப் பார்த்தபின், ஏற்கெனவே உள்ள சைக்கிளின் பின்புறத்தில் பொருத்திக்கொள்ளக்கூடிய நீட்டிப்புச் சட்டம் ஒன்றை அவர் உருவாக்கினார். அதிலிருந்து 1998-ல் எக்ஸ்ட்ராசைக்கிள் நிறுவனம் பிறந்தது. பெடலை மிதிக்கும்போது மட்டும் மோட்டார் துணைநிற்கும் சைக்கிளைப் பெருமளவில் தயாரித்து முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது யமஹா நிறுவனம்; அது 1993-ல் ஜப்பானில் நடந்தது. இவ்விரண்டும் ஒன்றுசேர்ந்த பிறகுதான் இந்த வண்டி குடும்ப வண்டியாக ஆனது என்பது என் கருத்து. மோட்டார் இல்லாத நீண்ட சைக்கிளில் பிள்ளைகள் இருவரை வைத்து மேட்டில் ஏறுவது, வீட்டிலேயே நல்ல உடல்வலு உள்ள ஒருவரால் மட்டுமே ஆகிற காரியம். ஒருவர் மட்டுமே ஓட்டக்கூடிய வண்டி, ஒரே கார் உள்ள வீட்டில் பாதிப் பயன்தான் தரும். காரின் சாவியைப் போலவே இதன் சாவியையும் வீட்டில் உள்ள பெரியவர்களில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிய வேண்டும்.

முன்பக்கம் பெட்டி வைத்த வண்டிகளும் உண்டு. கோபன்ஹேகன் நகரின் கிறிஸ்டியானியா பகுதியில் 1984-ல் உருவான மூன்று சக்கர வண்டி அவற்றுள் மிகவும் பெயர்பெற்றது. பிள்ளைகள் கண்ணெதிரே உட்கார்ந்திருப்பார்கள், மேலே ஒரு மூடியைப் போட்டால் மழையும் படாது என்பவை அவற்றின் பெரிய நன்மைகள். மிகச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவையே மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அவை அகலமானவை, நிறுத்தப் பெரிய இடம் கேட்பவை. பிள்ளைகள் வளர்ந்த பிறகு பெட்டியில் கால் மடக்கி உட்கார விரும்பமாட்டார்கள். லாங்டெயில் அகலத்தில் சாதாரண சைக்கிளை ஒத்தது, நீளத்தில் மட்டும் சற்றுக் கூடுதல். 20 அங்குலச் சக்கரங்கள் கொண்ட சில மாடல்கள் நீளத்திலும் சாதாரண சைக்கிளை விட அதிகம் போவதில்லை. குழந்தை இருக்கையில் தொடங்கி, பின்னர் கைப்பிடி வளையமும் மெத்தையும் மட்டும் போதும் என்ற நிலைக்கு வந்து, பிள்ளைகள் தாமே ஓட்டத் தொடங்கியபின் வெறும் சுமை வண்டியாக மாறும் வரை, ஒரே சட்டம் பல ஆண்டுகளுக்கு ஈடுகொடுக்கிறது.

பிள்ளைகளை ஏற்றும் விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் தரம் ஓட்டும்போது தெரிவதைவிட ஏற்றி இறக்கும்போதுதான் அதிகம் தெரிகிறது. முதலில் வண்டியைச் சமதரையில், இரண்டு கால்கள் கொண்ட அகலமான ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பைகளைப் பிள்ளைகளுக்கு முன்பே, இரு பக்கமும் எடை ஏறத்தாழச் சமமாக வரும்படி பக்கப் பைகளில் வைத்துவிட வேண்டும். பிறகு பெரிய பிள்ளை ஏறுகிறது, கடைசியில் சிறிய பிள்ளையை இருக்கையில் அமர்த்தி வாரைப் பூட்டுகிறோம். இறக்கும்போது இதே வரிசை தலைகீழாகிறது. இத்தனை நேரமும் ஓட்டுபவரின் ஒரு கை ஹேண்டில்பாரிலேயே இருக்க வேண்டும், முன்பிரேக் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். ஸ்டாண்டின் கால்கள் போதிய அகலம் இல்லாவிட்டால், ஏறும் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்த அந்த நொடியில் வண்டி முழுவதும் கூடவே சாயும். ஆகையால் கடையில் மோட்டாரைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் ஸ்டாண்டைப் பார்க்கச் சொல்வேன்: ஆள் உட்கார்ந்த நிலையிலும் அசையாமல் நிற்கிறதா, ஓட்டுபவர் இறங்காமலே அதை எடுத்துவிட முடிகிறதா என்பவை இரண்டும் முக்கியம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது பின்சக்கரத்தின் இருபுறமும் உள்ள தடுப்பு. ஓடும் சக்கரத்தின் கம்பிகளுக்குள் குழந்தையின் கால் நுழைவது, சைக்கிளின் பின்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு நேரும் கொடிய காயங்களில் ஒன்று. நல்ல லாங்டெயிலில் சக்கரம் பக்கவாட்டில் முழுமையாக மறைக்கப்பட்டு, கால் வைக்கத் தனிப் பலகையும் இருக்கும். சிலவற்றில் இந்தத் தடுப்பைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இதைக் கூடுதல் வசதி என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. தடுப்பு இல்லாத வண்டியில் பிள்ளைகளை ஏற்றவே கூடாது.

எடைக் கணக்கையும் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். இவ்வகை வண்டிகளில் மொத்த எடை வரம்பு பெரும்பாலும் 180 முதல் 200 கிலோ வரை குறிப்பிடப்படுகிறது, அதில் வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் அடக்கம். வரம்பு 200 கிலோ, வண்டி 35 கிலோ, ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மீதி 95 கிலோ. 18 கிலோ, 25 கிலோ எடையுள்ள பிள்ளைகள் இருவரையும் அவர்களுடைய இருக்கை, புத்தகப் பைகள், வழியில் வாங்கும் ஒரு வாரத்துச் சாமான்கள் ஆகியவற்றையும் அந்த 95 கிலோவுக்குள் அடக்கிவிட முடிகிறது. ஆனால் கேரியருக்கென்று தனியாக ஒரு வரம்பு உண்டு, அது இதைவிடக் குறைவாக இருக்கலாம், அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 14344, பின்னால் பொருத்தும் குழந்தை இருக்கைக்கு 22 கிலோவை மேல்வரம்பாக வைத்திருக்கிறது. தலைக்கவசத்துடன் தானாக நிமிர்ந்து உட்காரும் அளவுக்குக் கழுத்து வலுப்படாத குழந்தைக்கு எந்த இருக்கையும் ஏற்றதல்ல.

மோட்டார் விஷயத்தில் எண்களைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மோட்டாரின் தொடர் திறன், அதாவது அது இடைவிடாமல் தரக்கூடிய திறன், 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும், மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 750 வாட்டையும் மணிக்கு 20 மைலையும், அதாவது 32 கிலோமீட்டரையும் வரம்பாகக் கொள்கிறது. பயிற்சி இல்லாத ஒருவர் களைப்பின்றித் தொடர்ந்து தரக்கூடிய உழைப்பு ஏறத்தாழ 100 வாட் என்பதை நினைத்துப் பார்த்தால், 250 வாட் துணை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். பிள்ளைகளை வைத்து ஓட்டும்போது மணிக்கு 25 கிலோமீட்டருக்குமேல் வேகம் தேவைப்படுவதும் இல்லை. தேவைப்படுவது, நின்ற நிலையிலிருந்து சுமையோடு தடுமாறாமல் கிளம்பும் திறன். பெடல்களுக்கு நடுவே மோட்டார் உள்ள வண்டிகள் கியரின் உதவியையும் பயன்படுத்திக்கொள்வதால் மேட்டில் இலகுவாக ஏறுகின்றன, ஆனால் செயினும் பற்சக்கரங்களும் விரைவில் தேய்கின்றன. சக்கரத்தின் மையத்திலேயே மோட்டார் உள்ளவை சமதரைக்குப் போதும், விலையும் குறைவு. அந்தச் சக்கரத்தில் பஞ்சர் ஆனால் மின்கம்பியையும் கழற்றிவிட்டுத்தான் சக்கரத்தை எடுக்க முடியும் என்பது அவற்றின் தலைவலி.

பெடலை மிதிக்கும் அழுத்தத்தை அளந்து அதற்கேற்பத் துணைதரும் உணரி உள்ள வண்டியை வாங்குவதே நல்லது. பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும் எளிய உணரியில், மோட்டார் சற்றுத் தாமதித்துத் திடீரென்று உந்துவதும், மிதிப்பதை நிறுத்திய பின்னும் கணநேரம் இழுப்பதும் உண்டு. தனியாக ஓட்டும்போது பழகிப்போகும் இந்தக் குறை, பின்னால் பிள்ளைகள் இருக்கும்போது குறுகிய திருப்பங்களில் கவலை தருகிறது. அழுத்தத்தை அளக்கும் உணரியிலும் ஓர் எச்சரிக்கை தேவை: நிற்கும்போது காலைப் பெடலில் சும்மா வைத்தாலே வண்டி முன்னே நகரப் பார்க்கும். எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மின்சுவிட்சை இயக்குவது என்று வீட்டில் எல்லோரும் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிரேக்கில் சிக்கனம் பார்க்க இடமே இல்லை. தனியாளாகச் சாதாரண சைக்கிளில் போகும்போது ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ இருக்கலாம். முழுச் சுமையோடு லாங்டெயில் அதைப் போல இரு மடங்கைத் தாண்டும், அதே வேகத்திலிருந்து நிற்க பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் அதே அளவு கூடும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அதிலும் 180 மில்லிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய டிஸ்க், இந்த எடைக்குக் குறைந்தபட்சத் தேவை. பிரேக் பேடுகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் தேய்கின்றன, இறக்கங்கள் நிறைந்த வழியில் இன்னும் விரைவாக. காருக்கு எண்ணெய் மாற்றும் தேதியைக் குறித்துவைக்கும் அதே இடத்தில், பேடுகளின் தடிமனைப் பார்க்க வேண்டிய தேதியையும் குறித்துவைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

இனி பேட்டரி. 500 வாட் மணி கொள்ளளவு என்பது இவ்வகை வண்டிகளில் வழக்கமாகக் காணும் அளவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி, அதாவது 9,000 வாட் மணி ஆற்றல் இருக்கிறது. ஆகவே முழுமையாக ஏற்றப்பட்ட அந்தப் பேட்டரி சுமப்பது, சுமார் 55 மில்லிலிட்டர் பெட்ரோலில் உள்ள ஆற்றலைத்தான். அந்தச் சிறு ஆற்றலைக் கொண்டு, பிள்ளைகளோடும் சுமையோடும், மேடுபள்ளத்தைப் பொறுத்து 30 முதல் 50 கிலோமீட்டர் வரை போக முடிகிறது என்பது, 35 கிலோ வண்டிக்கும் ஒரு டன்னுக்குமேல் எடையுள்ள காருக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விளம்பரத்தையும் விடத் தெளிவாகக் காட்டுகிறது. பள்ளி, கடை, நூலகம், நீச்சல் வகுப்பு என்று சுற்றும் குடும்பத்துக்கு இந்தத் தூரம் தாராளம். கழற்றக்கூடிய பேட்டரியாக இருந்தால் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு பேட்டரியை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் செய்யலாம். மாடிவீட்டுக்காரர்களுக்கு இது இல்லாவிட்டால் வண்டியே பயன்படாது.

லித்தியம் பேட்டரி பற்றிய அச்சம் நியாயமானது. மதிப்புரையில் அதை மழுப்பக் கூடாது. தரம் குறைந்த பேட்டரிகளாலும் பொருந்தாத சார்ஜர்களாலும் வீடுகள் தீப்பிடித்திருக்கின்றன. நியூயார்க் நகரில் இப்படிப்பட்ட தீவிபத்துகள் உயிர்களைப் பறித்ததைத் தொடர்ந்து, அங்கே விற்கப்படும் எலெக்ட்ரிக் சைக்கிள்கள் யூஎல் 2849 என்னும் பாதுகாப்புத் தரநிலைக்கு இணங்க வேண்டும் என்ற சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்தது. எங்கு வாழ்பவரானாலும் இந்தத் தரச்சான்றையோ அதற்கு நிகரான சான்றையோ கேட்டு வாங்குவது அவசியம். வண்டியோடு வந்த சார்ஜரையன்றி வேறெதையும் பயன்படுத்தாமல் இருப்பது, வெளியேறும் வழியை மறிக்கும் இடத்தில் சார்ஜ் போடாமல் இருப்பது, எல்லோரும் உறங்கும் நேரத்தில் சார்ஜில் விடாமல் இருப்பது, கீழே விழுந்து அடிபட்ட பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாமல் சோதனைக்குக் கொடுப்பது ஆகிய நான்கும் வீட்டில் மாற்றமில்லா விதிகளாக இருக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழான குளிரில் லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் அது கெட்டுப்போகும்; ஆகவே குளிர் மிகுந்த ஊர்களில் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து, அறையின் வெப்பத்துக்கு வந்தபின்தான் சார்ஜ் போட வேண்டும்.

வண்டி வந்த பிறகு காருக்கு நேர்ந்த நன்மையை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. பெட்ரோல் கார் மிகவும் வீணாக்குவது குறுந்தூரப் பயணங்களில்தான். குளிர்ந்த எஞ்சின் கூடுதல் எரிபொருளைக் குடிக்கிறது, புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி மாற்றி சுமார் 250 முதல் 300 பாகை செல்சியஸ் சூடான பிறகே நன்றாக வேலைசெய்கிறது, எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாக நேரம் கிடைப்பதில்லை, ஸ்டார்ட் செய்யும்போது இழந்த மின்சாரத்தை பேட்டரி திரும்பப் பெறுவதற்குள் வண்டி நிறுத்தப்பட்டுவிடுகிறது. இரண்டு மூன்று கிலோமீட்டர் பயணங்கள் அனைத்தையும் சைக்கிள் வாங்கிக்கொண்டதால், எங்கள் கார் இப்போது கிளம்பினால் சூடாகும் அளவுக்குத் தூரமாவது ஓடுகிறது. ஒரே கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கார் பழுதாகாமல் இருப்பது மற்றவர்களைவிட முக்கியம். அது பட்டறையில் கிடக்கும் நாளில் மாற்றுக் கார் கிடையாது. அந்த நாட்களிலும் பள்ளியும் கடையும் நிற்காமல் நடக்கின்றன என்பது இந்த வண்டிக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு வகிக்கிறது.

ஆனால் வண்டியை வாங்கிவிட்டால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடாது. கார் யாருடையது என்ற கேள்விக்கு வீட்டில் வேறு விடை வேண்டும். பல வீடுகளில் கார் ஓர் ஆளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தூரமாக வேலைக்குப் போகிறவர், அல்லது முதலில் ஓட்டக் கற்றவர், நாள்தோறும் அதை எடுத்துச் செல்கிறார், மற்றவர்கள் மீதி நேரத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் சைக்கிளும் காரும் இருவேறு ஆட்களின் சொத்தாகி, மழையும் வெயிலும் எப்போதும் ஒருவருக்கே வாய்க்கும், அவர் பெரும்பாலும் பிள்ளைகளின் தாயாக இருப்பார். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கார் ஆளுக்குரியது அன்று, பயணத்துக்குரியது. பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் பயணம், இரவு வெகுநேரம் கழித்துத் திரும்பும் பயணம், பேருந்தோ ரயிலோ போகாத இடத்துக்கான பயணம், எல்லோரும் சேர்ந்து போகும் பயணம் ஆகியவற்றுக்கு கார் முதலில் போக வேண்டும். மீதியுள்ளவற்றில் தூரம் குறைந்தது, சுமை ஏற்றக்கூடியது எதுவோ அது சைக்கிளுக்கு. வாரம் ஒருமுறை, வரும் வாரத்துப் பயணங்களை எல்லோருடைய கைப்பேசியிலும் தெரியும் பொது நாட்காட்டியில் எழுதிவைத்து, மோதும் நேரங்களை மட்டும் பேசித் தீர்த்துக்கொண்டால், காலை வேளையில் சாவிக்காகக் காத்து நிற்கும் நிலை வராது. உண்மையில் மோதுபவை மிகச் சிலவே என்பதும் எழுதிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். இரண்டாவது கார் வேண்டுமென்று தோன்றவைப்பது பயணங்களின் எண்ணிக்கை அன்று, ஒரே நேரத்தில் வந்து விழும் ஓரிரு பயணங்கள்தான். அவற்றுள் ஒன்று குறுந்தூரமாக இருந்தால் லாங்டெயில் அதைத் தாங்கிக்கொள்கிறது.

தாங்காதவையும் உள்ளன. காய்ச்சலில் துவண்டுபோன பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர இந்த வண்டி உதவாது. நிமிர்ந்து உட்கார முடியாத பிள்ளையைப் பின்னால் வைத்து ஓட்டுவது ஆபத்து. கார் அந்த நேரத்தில் வேறெங்கோ இருந்தால் டாக்சிதான் வழி. மூட்டுவலி உள்ள பெரியவரை கேரியரில் ஏற்றும் எண்ணமே கூடாது. குழந்தைகளோடு பெரியவர்கள் இருவரும் ஒன்றாகப் போக வேண்டுமென்றால் இரண்டாவது சைக்கிள் ஒன்று தேவைப்படும். பலத்த பக்கக்காற்றில், பெரிய பைகள் மாட்டிய வண்டி ஓரமாகத் தள்ளப்படுகிறது. மழைக்கு நல்ல மழைச்சட்டை போதும் என்று சைக்கிள் ஆர்வலர்கள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நனைந்த சீருடையோடு நாள் முழுவதும் வகுப்பில் உட்காரப்போவது குழந்தைதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடைமழையில் காரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வேலைக்குப் போகிறவர் பேருந்திலோ ரயிலிலோ போக வேண்டும். ஆகவே இரண்டாவது கார் வாங்காததால் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியை டாக்சிக்கும் வாடகைக் காருக்குமென்று தனியாக ஒதுக்கிவைத்துவிட வேண்டும். அப்படி ஒதுக்காத வீட்டில், டாக்சி பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது வீண்செலவாகத் தோன்றி, இரண்டாவது கார் பேச்சு மறுபடியும் தலைதூக்கும். மணிக்கணக்கில் கார் எடுக்கக்கூடிய கார் பகிர்வுச் சேவை அருகில் இருக்கும் ஊராக இருந்தால் ஒரே கார் வாழ்க்கை இன்னும் எளிதாகிறது. சுவிட்சர்லாந்தின் மொபிலிட்டி கூட்டுறவுச் சங்கம் 1997 முதலும் அமெரிக்காவில் ஜிப்கார் 2000 முதலும் இதையே தொழிலாகச் செய்துவருகின்றன.

நிறுத்துமிடம் இன்னொரு தடைக்கல். 35 கிலோ வண்டியை மாடிப்படியில் தூக்கிச் செல்ல யாராலும் நாள்தோறும் முடியாது. லிஃப்டில் அது நுழையுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். பின்பக்கத்தைத் தரையில் ஊன்றிச் செங்குத்தாக நிறுத்தக்கூடிய மாடல்கள் உள்ளன, அவை சிறிய லிஃப்டுக்கும் குறுகிய நடைவழிக்கும் ஏற்றவை. திருட்டைத் தடுக்க, கனமான பூட்டினால் வண்டியின் சட்டத்தைத் தரையோடோ தூணோடோ பிணைத்துப் பூட்ட வேண்டும், சக்கரத்தை மட்டும் பூட்டுவது பயனற்றது. திருட்டுக்கு எதிரான காப்பீடும், பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் உண்டா என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

பழுதுபார்ப்பில்தான் எனக்கு ஒரு மனக்குறை. சாதாரண சைக்கிள் கடைகள் பலவும் எலெக்ட்ரிக் வண்டியைத் தொட மறுக்கின்றன. ஒருமுறை மோட்டாரில் வந்த ஒரு பிழைக்கு, விற்ற கடை எங்களை உற்பத்தியாளரிடமும், உற்பத்தியாளர் திரும்ப அதே கடையிடமும் அனுப்பி, வாரக்கணக்கில் அலையவைத்தார்கள். பஞ்சர் ஒட்டுவதும் செயினுக்கு எண்ணெய் விடுவதும் வீட்டிலேயே முடியும், மோட்டாரும் மின்சுற்றும் முடியாது. எனவே வண்டியின் பெயரைவிட, அதைப் பழுதுபார்க்கும் கடை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பேட்டரி சில நூறு முறை முழுமையாக சார்ஜ் ஏறி இறங்கிய பின் கொள்ளளவு குறைந்து ஒரு நாள் மாற்ற வேண்டியதாகும். அதன் விலை கையைக் கடிக்கும், ஆகவே இன்னும் சில ஆண்டுகள் கழித்தும் அதே பேட்டரி கிடைக்கும் என்ற உறுதியைத் தரும் உற்பத்தியாளரைத் தேர்வது முக்கியம்.

பள்ளியும் கடையும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீடு, தனிப்பாதையோ அமைதியான தெருக்களோ வழியில் உள்ள ஊர், தாமாக நிமிர்ந்து உட்காரும் வயதுக்கு வந்த பிள்ளைகள், தரைத்தளத்தில் வண்டி நிறுத்தும் வசதி ஆகியவை உள்ளவர்களுக்கு இதை முழுமனதோடு பரிந்துரைக்கிறேன். கனரக வாகனங்கள் விரையும் நெடுஞ்சாலை ஒன்றே வழி என்றால் பரிந்துரைக்கமாட்டேன்; எவ்வளவு நல்ல வண்டியாலும் மோசமான சாலையை ஈடுசெய்ய முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், இவ்வகை வண்டிகளை வாரக்கணக்கில் வாடகைக்குத் தரும் கடை இருந்தால் முதலில் வாடகைக்கு எடுக்கட்டும். வீட்டில் ஓட்டப்போகும் ஒவ்வொருவரும், பிள்ளைகளையும் வழக்கமான பைகளையும் ஏற்றிக்கொண்டு, உண்மையான பள்ளி வழியில், உண்மையான காலை நேரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கடை வாசலில் வெறும் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு முடிவெடுத்தால், மேட்டில் நின்று கிளம்பும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதோ, வீட்டில் உயரம் குறைந்தவருக்கு இருக்கையிலிருந்து கால் தரையில் எட்டுமா என்பதோ தெரியாமலே போய்விடும்.